பஞ்சகாலத்து ஈகையும் இன்றைய கணக்கும்

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானப் பந்தல்கள் எழும்பும் திருவண்ணாமலையில், கொடையின் மகிமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டிய அவசியம் இல்லை. கை நீட்டுகிறவனின் ஊரையோ குலத்தையோ விசாரியாமல் ஒரு தொன்னைச் சாதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கையை நோக்கித் திரும்பும் பழக்கம் இன்று இவ்வூரின் இயல்பாகிவிட்டது. (ஒரு நூற்றாண்டுக்கு முன் தமிழ்நாட்டின் பெரும்பாலான பந்திகளைப் பற்றி இவ்வளவு துணிந்து சொல்லியிருக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.) இம்மாவட்டத்துக் கத்தோலிக்கர், தொகையில் மிகச் சிறியவரேனும், தம் மரபிலும் ஈகைக்கு உன்னதமான ஸ்தானம் உண்டென்பார்கள். அது உண்மை. ஆனால் அந்த ஈகை இந்த மண்ணில் வேர்விட்டது ஒரு கொடும்பஞ்சத்தின் நடுவில்; ஆதலால், எதை எதிர்பார்த்துக் கொடுத்தார்கள் என்ற கேள்வி இன்றளவும் அதைத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

கொள்கையளவில் கத்தோலிக்க மரபின் பெருமை, கொடையைக் கொடுப்பவனுடைய பெருந்தன்மையாகக் கருதாமல் அவன் தீர்க்கவேண்டிய கடனாகக் கருதியதில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராயிருந்த அம்புரோஸ், செல்வன் ஏழைக்குக் கொடுப்பது தன் பொருளையன்று, ஏழைக்கே உரியதைத் திருப்பித் தருகிறான் என்னும் கருத்தைப் போதித்தார். 1967-இல் போப் ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் அதையே மீண்டும் நினைவூட்டினார். எனினும் 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ, உயிர் போகும் நெருக்கடி ஒன்றைத் தவிர மற்ற சமயங்களில் இந்தக் கடமை நீதியைச் சேர்ந்ததன்று, அன்பைச் சேர்ந்ததே என்று வரையறுத்தார். அன்பின் கடமையைச் சட்டத்தால் வற்புறுத்த இயலாது. ஆகவே கொடுப்பவனுடைய மனச்சாட்சியே அதற்கு நீதிபதியாகிறது. அந்த நீதிபதியோ தன் ஆத்ம லாபத்தையும் கூடவே கணக்கிடுகிறவன். பாவப் பரிகாரமாகத் தர்மம் செய்கிறவனுக்குக் காலப்போக்கில் ஏழை ஒரு சாதனமாகிவிடக்கூடும் என்னும் அபாயம், இந்த மரபின் உச்சியிலேயே ஒளிந்திருக்கிறது.

இந்த அபாயத்தைப் பரீட்சித்துப் பார்க்கச் சேத்துப்பட்டைவிடப் பொருத்தமான இடம் இப்பிரதேசத்தில் இல்லை. இன்று லூர்து அன்னை ஆலயத்தால் அறியப்படும் அவ்வூரை மையமாகக் கொண்டுதான், பாரிஸ் வேத போதகச் சபையைச் சேர்ந்த தாராஸ் என்னும் பிரெஞ்சுக் குருவானவர் வடார்க்காட்டுக் கிராமங்களில் உழைத்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் துரைத்தனத்தார் நடந்துகொண்ட விதம் சரித்திரப் பிரசித்தம்: நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று இந்திய அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள் விதித்தார், இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பது மேலிடத்தின் அபிப்பிராயம். அந்த வேளையில் கஞ்சியும் புகலிடமும் கொடுத்த பாதிரிமார்களை நாடிச் சென்றவர்களில் பெரும்பாலோர், ஊருக்கு வெளியே சேரிகளில் அடைபட்டு, பஞ்சத்துக்கு முன்பும் அரைவயிற்றோடு வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களில் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்னும் ஏளனம் பிறந்தது இத்தகைய சந்தர்ப்பங்களிலேதான். அந்த ஏளனத்தில் நியாயமும் உண்டு, அநியாயமும் உண்டு. நியாயம் யாதெனில், பசித்தவன் சொல்லும் சம்மதத்தை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. கொடுப்பவன் நல்லெண்ணம் படைத்தவனே ஆயினும், மறுத்தாலும் கஞ்சி கிடைக்கும் என்ற உறுதி வாங்குபவனுக்கு இல்லாதவரை, அவனுடைய விசுவாசம் அவனுடையதா, அவன் வயிற்றினுடையதா என்று அவனுக்கே தெரிந்திராது. இதை அக்காலத்தவர் உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் போதகர் ஜான் கிளஃப், பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துப் பஞ்சத்தில் அடிபட்டோருக்கு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களையோ பஞ்சம் தணியும்வரை காத்திருக்கச் சொன்னார். அதன்பின் 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஓங்கோலைவிட அருகிலேயே இன்னொரு முன்மாதிரியும் இருந்தது: பஞ்சத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1867-இல், வள்ளலார் வடலூரில் தருமசாலையின் அடுப்பை மூட்டியபோது, புலால் மறுத்தலைத் தம் மார்க்கத்துக்கு இன்றியமையாத ஒழுக்கமாக வைத்தவரே, பசித்து வந்தவனிடம் அதை ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை. மார்க்கத்தின் வாசலும் சோற்றுப் பந்தியின் வாசலும் வேறுவேறாக இருக்கவேண்டும் என்னும் இந்த விவேகம், பொதுவாகக் கத்தோலிக்கப் போதகர்களிடம் போதிய அளவு காணப்படவில்லை என்பது என் முடிபு.

அநியாயம் யாதெனில், அந்த ஏளனம் ஏழைக்கு வயிற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கொள்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசலுக்கும் பொதுக் கிணற்றுக்கும் விலக்கப்பட்டவன், தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, தன் பிணத்துக்கும் மந்திரம் சொல்லிப் புதைக்கிற ஒரு சமூகத்தை நாடியதற்குச் சோறு மட்டுமே காரணம் என்பது மனித சுபாவம் அறியாதவர் பேச்சு. ஆதாயமே நோக்கமெனின் கணக்கு வேறுவிதமாக முடிந்திருக்க வேண்டும். 1950-இல் பட்டியல் ஜாதியினரை வரையறுத்த குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவர்களை விலக்கிவிட்டது. கஞ்சி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கஞ்சிக்குப் பட்டியல் ஜாதியினருக்குரிய இடஒதுக்கீட்டையே விலையாகக் கொடுத்தார்கள். காகிதத்தில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவராகவும் வாழ நேர்ந்தவர்களும் உண்டு. அந்த இரட்டை வாழ்க்கையைக் கண்டு நகைப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அதைவிட வேதனை, தஞ்சம் புகுந்த திருச்சபைக்குள்ளேயே தமிழ்நாட்டின் பல பங்குகளில் இருக்கையிலும் கல்லறையிலும் ஜாதி தொடர்ந்தது என்பதாகும். சோற்றைத் தாராளமாகக் கொடுத்த கை, சரிசமமான இடத்தைக் கொடுக்கத் தயங்கிற்று.

ஆயினும் நிபந்தனையற்ற கொடையும் அதே சேத்துப்பட்டில் உண்டு. சேத்துப்பட்டு புனித தாமஸ் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மழுங்கிப்போன ஓர் இந்து விவசாயி மருந்தும் பாதத்துக்கேற்ற செருப்பும் பெற்று இந்துவாகவே ஊர் திரும்புவது சாதாரணக் காரியம்; கத்தோலிக்க ஈகையின் ஆத்மிகப் பயன் எங்கே தூய்மையாக விளைகிறதென்று கேட்டால் நான் அத்தகைய இடத்தைத்தான் காட்டுவேன்.

அன்றாடப் பழக்கங்களில் இரண்டைச் சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் பெயரால் ஏழைகளுக்கு அப்பம் வழங்கும் வழக்கம் 1890-இல் பிரான்சின் தூலோன் நகரத்துக் கடைக்காரப் பெண் ஒருத்தி, கடையின் பூட்டு திறந்துகொள்ள வேண்டிச் செய்த நேர்த்தியால் பரவியது. அப்பம் உண்மையிலேயே ஏழைக்குப் போய்ச் சேர்கிறது, என்றாலும் அங்கே பேரம் புனிதரோடுதான், ஏழை வெறும் சாட்சி. 1833-இல் பாரிஸில் ஓசனாம் என்பவர் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழையின் வீட்டுக்கே சென்று அவன் திண்ணையில் உட்காருகிறார்கள். இது எவ்வளவோ மேலான முறை. ஆயினும் அவ்வேழை அவர்கள் வீட்டுக்கு எதிர்விருந்தாகச் சென்றதாகக் கேள்விப்படுவது அபூர்வம்.

ஏழை எப்போதும் பெறுகிறவனாகவே இருக்கும் இந்த ஒருவழிப் போக்குக்கு அடியில் ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆலயக் கூரைக்கும் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பணம் வந்த காலத்தில், கிராமத்துக் கத்தோலிக்கன் பெறுகிறவனாகவே பழக்கப்பட்டான். கொடுத்துப் பழகும் ஆத்ம லாபம் அவனுக்கு மறுக்கப்பட்டது என்றே சொல்லவேண்டும். 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஒரு ஸ்தாபனம் பெற்ற பணத்தை மற்றொன்றுக்கு மாற்றுவதைத் தடுத்ததில், நல்ல காரியங்கள் பல நலிந்தது மெய். அச்சட்டத்தின் கடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த நெருக்கடி பங்குமக்களின் காணிக்கைக்கு முன்னில்லாத கனத்தைக் கொடுத்திருக்கிறது. கூலி வேலை செய்து பத்து ரூபாய் போடுகிறவள் இப்பொழுது வெறும் பயனாளி அல்லள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டுமென்றும், விசுவாசிகள் கொடுத்த பொருளுக்கு நிர்வாகிகள் அவர்களிடமே கணக்குக் காட்டவேண்டுமென்றும் விதிக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்க அவள் எழுந்து நிற்கும்போது, பங்குப் பேரவையில் அவளுக்கு எந்த வரிசையில் நாற்காலி போடுகிறார்கள் என்பதைத்தான் இனிப் பார்க்கவேண்டும்.