யார் காலுக்குக் கடைந்த கட்டை?

மேசை விளக்கின் தண்டு, கட்டில் கால், சப்பாத்திக் குழவி என்று கடைசல் பட்டறையிலிருந்து வரும் எதைக் குறுக்கே அறுத்துப் பார்த்தாலும் வட்டம்தான் தெரியும். மரம் சுழல்கிறது, உளி நிற்கிறது. வேறு வடிவம் வர வழியில்லை. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ தொழிற்சாலைகள் முழுக்க நம்பியிருக்கும் ‘லாஸ்ட்’ என்ற கால்வடிவ அச்சுக்கட்டையும் லேத்தில் கடைந்ததுதான். அதில் எந்த இடத்திலும் வட்டம் கிடையாது. உள்பக்கம் ஒரு வளைவு, வெளிப்பக்கம் வேறொரு வளைவு, மேலே பாதத்தின் மேடு, பின்னால் குதிகாலின் உருண்டை. இதை லேத்தில் கடைய முடிந்ததே பெரிய சாதனை. அந்தச் சாதனைக்குள்தான் குறையும் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த தாமஸ் பிளான்சார்டு 1819-ல் காப்புரிமை பெற்ற லேத்தில் இது தொடங்கியது. துப்பாக்கியின் பின்கட்டையைக் கடைய அவர் செய்த எந்திரம் அது. முடிந்த மாதிரி ஒன்றும் கச்சா மரத்துண்டு ஒன்றும் சேர்ந்து சுழலும். மாதிரியைத் தடவிச் செல்லும் சக்கரம் எவ்வளவு உள்வாங்குகிறதோ, அதே அளவுக்கு வெட்டும் சக்கரமும் மரத்துக்குள் இறங்கும். செருப்புக் கட்டை செய்பவர்கள் சீக்கிரமே இதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை ஐரோப்பாவில் பல தலைமுறைகளாக இடம், வலம் என்ற பேதமில்லாத நேர்க்கட்டைகளே மிகுதி. கையால் செதுக்கும்போது ஜோடிக்கு இரண்டு வடிவம் என்பது செலவு. ஒரே மாதிரியிலிருந்து இடக்கால், வலக்கால் இரண்டையும் கண்ணாடிப் பிம்பம்போல் கடையலாம் என்றானதும் ஏழைகளுக்கும் காலுக்கேற்ற ஜோடி கிடைத்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி கச்சாத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு போவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. ஆம்பூர் போன்ற பாலாற்றங்கரை ஊர்கள் தோலோடு நிற்காமல் ஷூவுக்கும் நகர்ந்தது அதன் பிறகுதான். ஒரே அளவில் ஆயிரக்கணக்கான ஜோடிகள், ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாமல் வேண்டும். நகல் கடைசல் இல்லாமல் அது நடந்திருக்காது.

கட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் துளை, அதில் உலோகக் குழாய். கம்பியில் மாட்டி இழுக்க அது. நடுவில் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் வெட்டு, அதில் ஒரு கீல். ஷூவின் மேல்பகுதியான அப்பரை இழுத்து ஒட்டி, சூட்டில் படியவைத்து, சோல் ஒட்டி முடிந்ததும் கீலை மடக்கினால் கட்டை குறுகி ஷூவை விட்டு வெளியே வரும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். மரம் மழைக்காலத்தில் ஊதும், சூட்டறையில் சுருங்கும். பிளாஸ்டிக் அளவு அவ்வளவாக மாறாது, தேய்ந்ததை அரைத்து உருக்கலாம். மரத்துக்காக நான் வாதாடப் போவதில்லை.

குறைகளுக்கு வருவோம். பழைய நகல் லேத் கட்டையின் முனையையும் குதிகாலையும் கவ்விப் பிடித்தபடி சுழற்றும். அந்த இரண்டு இடத்திலும் மிச்சம் ஒரு குமிழ் நிற்கும். அதை அறுத்து, அரம் போட்டு, கையால்தான் முடிக்க வேண்டும். விரல் நசுங்குவதும் குதிகால் உரசுவதும் அதே இரண்டு இடங்களில்தான். எந்திரம் கைவிட்ட இடத்தைக் கண் பார்த்த தொழிலாளி காப்பாற்றினார். கணினி லேத் அந்தக் கைவேலையைப் பெருமளவு குறைத்துவிட்டது. வேகம் கூடியது, ஆனால் இங்கே கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்தார்கள்.

அதைவிடப் பெரிய குறை அளவு ஏற்றுவதில் இருக்கிறது. இங்கிலாந்து முறையில் ஒரு சைஸ் கூடினால் நீளம் 8.46 மில்லிமீட்டர், பாதச் சுற்றளவு 6.35 மில்லிமீட்டர் கூடும். மாதிரி ஒன்று போதும், மற்ற சைஸ்களை லேத் கணக்குப் போட்டே கடைந்துவிடும். கால்கள் இந்தக் கணக்கில் வளர்வதில்லை. ஒரே நீளப் பாதமுள்ள இரண்டு பேரின் பாதச் சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் சர்வசாதாரணம். இங்கிலாந்தின் கிளார்க்ஸ் கடையில் குழந்தைக்கு ஒரே நீளத்தில் எஃப், ஜி, எச் என்று அகலம் பார்த்துத் தருகிறார்கள். நம் கடையில் என்ன சொல்கிறார்கள்? “எட்டு பிடிக்குதா சார்? ஒன்பது போட்டுப் பாருங்க.” ஒன்பது போட்டால் அகலம் சரியாகும், நீளம் மிஞ்சும். ஷூ மடியும் கோடு விரல் மூட்டைத் தாண்டி முன்னால் போய்விடும். நடக்கும்போது குதிகால் கழலும்.

இதற்கெல்லாம் அடியில் மாதிரி யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. ஏற்றுமதிக் கட்டையின் வடிவத்தைப் பெரும்பாலும் வாங்குகிற வெளிநாட்டு நிறுவனமே முடிவு செய்கிறது. அது நியாயம், போடப்போவது அவர்கள் ஊர்க்கால். ஆனால் நம் ஊருக்கான ஷூவும் வெளிநாட்டு அளவுமுறைப்படியே வருகிறது. வெறுங்காலோடு நடந்து வளர்ந்த தென்னிந்தியர்களின் பாதத்தைப் பெல்ஜியக்காரர்களின் பாதத்தோடு ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஆய்வு, நம்மவர் கால் அகலமானது என்று அளந்து காட்டியது. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை முப்பரிமாணத்தில் அளந்தது. இந்தியக் கால் அகலம் அதிகம் என்பதும், பலர் தேவைக்கு மேல் நீண்ட ஷூவைப் போடுகிறார்கள் என்பதும் அதிலும் தெரிந்தது. அதன் அடிப்படையில் இந்தியாவுக்கென்று ஓர் அளவுமுறையை முன்மொழிந்திருக்கிறார்கள்.

காலைப் பார்த்துக் காலணி செய்வது பக்கத்து வேலூருக்குப் புதிய பாடம் அல்ல என்பதுதான் என்னை வருத்துகிறது. 1946-ல் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டும், 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் உணர்விழந்த காலைப் புண்ணாகாமல் காக்கும் காலணிக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். நோயாளியின் காலில் எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்று பார்த்துச் செருப்பைத் திருத்தினார்கள். அங்கே கால்தான் மாதிரி. சர்க்கரை நோயாளிகள் இன்று போடும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு அந்த உழைப்பின் வழியில் வந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில், கடல் கடந்த காலின் நகலில் லட்சக்கணக்கான ஷூக்கள் உருவாகின்றன.

உற்பத்தியாளர்களின் சிரமமும் எனக்குத் தெரியும். புது மாதிரி என்றால் ஒரு கட்டையோடு முடிவதில்லை: ஒவ்வொரு சைஸிலும் ஏராளமான ஜோடிக் கட்டைகள், புது வெட்டுக்கத்திகள், புது சோல் அச்சுகள். இரண்டாவது அகலம் சேர்த்தால் இதெல்லாம் இரட்டிப்பு. சிறு தொழிற்சாலை தானாக முன்வராது. அதனால் பள்ளிக் காலணியில் தொடங்கலாம் என்பது என் யோசனை. தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லாக் காலணி வழங்குகிறது. டெண்டரில் நீளத்தோடு இரண்டு அகலம் என்று ஒரு வரி சேர்ந்தால், அந்த எண்ணிக்கையே அச்சுச் செலவை விழுங்கிவிடும். வளரும் காலை ஏழாம் வகுப்பில் நசுக்கிவிட்டால் பிறகு எந்தக் கட்டையாலும் திருத்த முடியாது.