வெறுங்கால் ஏற்றம்

மதுரைக்காரர்களுக்கு மலை என்றால் மொட்டைப் பாறைதான். காடும் குளிரும் வேண்டுமென்றால் கொடைக்கானலுக்குப் பஸ் ஏற வேண்டும்.

ஊரைச் சுற்றிய குன்றுகளில் என் மனம் அடிக்கடி போய் நிற்பது கீழக்குயில்குடி சமணர் மலையில். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமர நிழல், அய்யனார் கோயில். பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம்: சுனையை ஒட்டி வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அவர்களுக்குக் கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெயில் காய்ந்தவர்கள். முகத்தில் வாட்டமே இல்லை. இன்னும் மேலே ஒரு கோயிலின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உச்சிப் பக்கம் தீபத்தூண், அருகே கன்னடத்தில் ஒரு கல்வெட்டு. எங்கிருந்தெல்லாம் வந்து ஏறியிருக்கிறார்கள்!

செருப்பைக் கழற்றிவிடுங்கள். சொரசொரத்த கல்லைப் பாதம் கவ்வுவதுபோல் எந்த ஷூவும் கவ்வாது. ஆனால் ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அப்புறம் பாறை தோசைக்கல். இறங்குவதுதான் வித்தையே. சரிவில் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்து நகர்வேன், பக்கத்தில் பள்ளிப் பையன்கள் ஓடியே இறங்குவார்கள்.

ஒத்தக்கடை யானைமலையைத் தூரத்திலிருந்து ரசிப்பதே எனக்குப் போதும். அந்த முதுகின் வழவழப்பு பயமுறுத்துகிறது. அரிட்டாபட்டி வேறு மாதிரி. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். அங்கே ஏறுவதைவிட, பாறையில் மல்லாந்து வல்லூறு வட்டமிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.