ஆள் என்னும் சொல்

"நாளைக்கு எத்தனை ஆள்?" போடிநாயக்கனூரில் அடிக்கடி செவியில் விழும் கேள்வி இது. போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் செல்லவேண்டிய கூலியாட்களின் கணக்கு அது. மறைக்கல்வியிலோ அதே சொல்லைக் கொண்டு, கடவுள் ஒருவர், ஆட்கள் மூவர் என்று கற்பிக்கிறோம். சொல் ஒன்று, இடைவெளிதான் எத்துணைப் பெரிது! லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' திரைப்படம் அந்த இடைவெளியை எனக்கு உணர்த்தியது.

கதை எளியது. மலையில் சுமை தூக்கிப் பிழைக்கும் ரங்கசாமி, கையளவு நிலம் வாங்க விழைகிறான். ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் சரிந்து சிதறுகிறது. அவன் கனவும் அதனோடு சிதறுகிறது. பின்னர்க் கிடைத்த நிலமும் நிலைக்கவில்லை. தனக்குரியதாயிருந்த மண்ணிலேயே காற்றாலைக்குக் காவலாளியாய் அமர்கிறான். கேமரா உயர உயர, அவன் ஒரு புள்ளியாகிறான்.

ஆறாம் நூற்றாண்டில் போயத்தியுஸ், அறிவு இயல்புடைய தனி உள்பொருளே ஆள் என வரையறுத்தார். தூய தோமா அக்குவினாரோ மூவொரு இறைவனில் ஆள் என்பது உறவையே குறிக்கும் என விளக்கினார். இறைச்சாயலான மனிதனும் உறவில்தான் முழுமை பெறுகிறான். படத்தின் முற்பகுதி இதை அழகாகக் காட்டுகிறது. மலைப்பாதை நெடுக நலம் விசாரிப்புகள், தேநீர்க்கடைப் பேச்சுகள். அங்கே ரங்கசாமிக்குப் பெயர் உண்டு. இறுதியில் சீருடை மட்டுமே உண்டு.

அப்படியானால், நிலமிழந்தவன் ஒன்றுமில்லாதவனா? இல்லை, மனித மாண்பு பட்டாவைப் பொறுத்ததன்று. ஆயினும் இவ்விடையை விரைந்து சொல்ல நான் கூசுகிறேன். நிலத்தை விற்று நின்ற குடும்பங்களிடம் இதையே ஆறுதலாகப் பலமுறை கூறியவன் நான். ஆன்மா உடலில் குடியிருக்கும் விருந்தாளி அன்று. உடலின் உயிர்வடிவமே அது என்பதும் அக்குவினாரின் படிப்பினைதானே! ஆகவே, சோற்றையும் மண்ணையும் பறிப்பது ஆளையே காயப்படுத்துவதாகும். இழந்தவனின் மாண்பை மட்டும் பேசி, இழப்புக்குக் காரணமான அநீதியைப் பேசாதிருப்பது அரைகுறை மறையுரை.

உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். போடி ஏலமையத்தில் காயின் பருமனும் நிறமும் பார்த்து விலை வைக்கிறார்கள். சுமந்தவனுக்கு விலையில்லை, எனவே கூலி கொடுத்ததும் அவனிடம் நமக்குள்ள கடன் தீர்ந்துவிடுவதுமில்லை.

இனி "எத்தனை ஆள்?" என்று கேட்கும்போது, யார் யார் என்றும் கேட்போமாக.