உரைத்த கனவும் உருப்பெற்ற கனவும்

தமிழ் இலக்கியத்தில் கனவு பெரும்பாலும் பிறர்க்கு உரைக்கப்படுவது. திருக்குறளின் 122ஆம் அதிகாரத்தின் பெயரே ‘கனவுநிலை உரைத்தல்’ என்பதாகும். சிலப்பதிகாரத்தின் 9ஆம் காதை ‘கனாத்திறம் உரைத்த காதை’. அதில் கண்ணகி தன் தீக்கனாவைத் தேவந்தியிடம் கூறுகிறாள். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தான் கண்ட மணக்கனவைத் தோழிக்கு மொழிகிறாள். கண்டவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். இருவரையும் இணைப்பது சொல். கனவில் வந்த காதலன் விழித்ததும் மறைந்துவிடுகிறான் என்பதே குறள் தலைவியின் ஆற்றாமை. அவன் மறையாமல், விழித்த பின்னும் உடலோடும் உயிரோடும் எதிரே நின்றால் என்ன நேரும்? அமெரிக்க எழுத்தாளர் மேகி ஸ்டீஃப்வாட்டர் வளரிளம் பருவத்தினருக்காக எழுதிய மிகுபுனைவுகள் இவ்வினாவை எழுப்புகின்றன. அவற்றுள் கிளைக்கதையாக அமைந்த ‘ட்ரீமர்’ வரிசையை இக்கட்டுரை நோக்குகிறது.

மூலமும் கிளையும்

‘தி ரேவன் பாய்ஸ்’ (2012) முதல் ‘தி ரேவன் கிங்’ (2016) வரையிலான நான்கு புதினங்கள் மூலக்கதை. வர்ஜீனியா மாநிலத்தில், ஹென்ரியட்டா என்னும் கற்பனை ஊரில், பள்ளி மாணவர் சிலர் துயிலும் வேல்சு மன்னன் ஒருவனைத் தேடுவது அதன் கதை. அந்நண்பர் குழுவில் ஒருவனாகிய ரோனன் லிஞ்ச், கனவில் கண்டதை விழிப்புலகிற்குக் கொண்டுவர வல்லவன். ‘கால் டவுன் தி ஹாக்’ (2019), ‘மிஸ்டர் இம்பாசிபிள்’ (2021), ‘கிரேவாரன்’ (2022) ஆகிய மூன்றும் அவனையும் அவன் உடன்பிறந்தாரையும் மையப்படுத்திக் கிளைத்தவை.

கிளைக்கதை என்றவுடன் அது வணிக நீட்டிப்பு எனத் தள்ளிவிடும் போக்கு உண்டு. தமிழ் மாணவர் அவ்வாறு தள்ளுதல் வியப்பிற்குரியது. சிலம்பில் சிறிதளவே தோன்றும் மாதவி மகள், தன் பெயர் பூண்ட காப்பியத்தில் தலைவியாகிறாள். அங்குக் காப்பியத்தின் நோக்கே வேறாகிவிடுகிறது. (எது முந்தியது என்னும் வாதம் இங்குத் தேவையில்லை.) கிளையின் தகுதியை மூலத்தோடுள்ள உறவைக்கொண்டு மட்டும் அளக்காமல், மூலம் கேளாத வினாவை அது கேட்கிறதா என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும்.

மூலக்கதையில் கனவுப்பொருள் வியப்பிற்குரியது. ரோனன் வளர்க்கும் அண்டங்காக்கையே கனவிலிருந்து வந்ததுதான். எனினும் அவ்வியப்பினுள் ஒரு கொடிய விதி புதைந்துள்ளது. கனவு கண்டவர் இறந்தால் அவர் உண்டாக்கிய உயிர்கள் விழியாத் துயிலில் ஆழ்ந்துவிடும். தந்தை நயால் இறந்ததும் அவர் கனவில் பிறந்த மாடுகள் தொழுவத்தில் உறங்கிப்போயின. அவர் கனவில் பிறந்த மனைவி அரோராவும் உறங்கிப்போனாள். மூலக்கதை இதனைத் துயரமாகக் காட்டுகிறது. முறையா எனக் கேட்பது கிளைக்கதையே.

கனவின் தரப்பு

ரோனனின் தம்பி மாத்யூ ரோனனாலேயே கனவு காணப்பட்டவன். இவ்வுண்மையை வாசகர் முன்பே அறிவர். மாத்யூ அறிவது ‘கால் டவுன் தி ஹாக்’ புதினத்தில்தான். எவரும் விரும்பும் சிரித்த முகச் சிறுவன் அவன். அறிந்தபின் அவனுடைய சிரிப்பே அவனுக்கு ஐயப்பொருளாகிறது. அன்பாக இருப்பது தன் இயல்பா, அண்ணனின் விருப்பம் அவ்வாறு ஆக்கியதா? குழந்தை பெற்றோரிடம் கேட்க இயலாத கேள்வி இது. படைக்கப்பட்ட பொருள் படைத்தவனிடம் கேட்கும் கேள்வி.

இதனினும் ஆழமானது ஹென்னஸியின் கதை. ஓவியங்களைப் போலி செய்யும் இப்பெண் கனவு காணும்போதெல்லாம் அவளைப் போன்றே மற்றொருத்தி உருப்பெறுகிறாள். ஒவ்வொரு முறையும் அவள் கழுத்தில் ஒரு மலர் பச்சைகுத்தியதுபோல் தோன்றுகிறது. அவ்வளையம் நிறைந்தால் அவள் இறப்பாள், அவளோடு தாமும் துயில்வோம் என்பது நகல்களின் அச்சம். கனவின் உண்மையான உள்ளடக்கத்தை ஹென்னஸி அவர்களுக்குச் சொல்லவில்லை. இறந்த தாயைக் காண்பதாகப் பொய் கூறுகிறாள். உயிர்த்தோழியராய் உடன் வாழ்வோர்க்கும் உரைக்கப்படாத கனவு இது. ரோனன் நிலையும் இத்தகையதே. ஆடம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றபின் தனித்து நிற்கும் அவனுக்குக் கனவில் வழிகாட்டும் பிரைடு என்பவன், அவனே கண்ட கனவு என இரண்டாம் புதினம் வெளிப்படுத்துகிறது. கேட்பதற்குத் தோழி இல்லாதவன் கேட்பவனையே கனவிலிருந்து ஆக்கிக்கொள்கிறான். உரைக்கப்படாதது உருவாகிறது என்பதே இப்புனைவின் உட்கிடை எனலாம்.

உலகம் தீயால் அழியுமென அஞ்சிக் கனவு காண்போரைக் கொல்லும் மாடரேட்டர்களின் பகுதி இவ்வரிசையின் மெலிந்த பகுதி. துரத்தலும் துப்பாக்கியும் பக்கங்களை நிரப்புகின்றன. ஹென்னஸியின் நகல்களுள் பலர் அவர்களால் மடிவது மட்டும் கதைக்கு இன்றியமையாதது.

தூரிகையும் உயிரும்

முதல் நகலான ஜோர்டன் எஞ்சுகிறாள். இரண்டாம் புதினத்தில், கனவுயிர்களை விழித்திருக்கச் செய்யும் ஆற்றல் சில கலைப்படைப்புகளுக்கு உண்டு என்னும் கருத்து அறிமுகமாகிறது. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலுள்ள ஜான் சிங்கர் சார்ஜென்டின் ‘எல் ஹலேயோ’ (1882) அத்தகைய ஒன்றாகக் காட்டப்படுகிறது. கனவுகளுக்கு ஊட்டம் தரும் நில ஆற்றல் அறுபட்டு, மாத்யூ முதலானோர் துயிலில் வீழும்போது ஜோர்டன் விழித்திருக்கிறாள். அவள் தானே வரைந்த டெக்லனின் உருவப்படம் அவளைக் காக்கிறது. வாழ்நாளெல்லாம் பிறர் ஓவியங்களைப் படியெடுத்தவள், தானே ஒரு படியானவள், முதன்முறையாகத் தனக்குரியதொன்றைப் படைத்ததால் உயிர்க்கிறாள்.

இந்திய வாசகர்க்கு இவ்விடத்தில் உஷையின் கதை நினைவிற்கு வரும். பாகவதத்தின் 10ஆம் கந்தத்தில் வாணாசுரன் மகள் உஷை கனவில் ஒருவனைக் கூடுகிறாள். தோழி சித்திரலேகை பலர் உருவங்களை வரைந்து காட்ட, உஷை அநிருத்தனை இனங்காண்கிறாள். தோழி துவாரகையிலிருந்து அவனைக் கொணர்கிறாள். அங்கும் கனவு நனவாவதற்கு ஓவியமே துணை. ஆயின் அநிருத்தன் கனவிற்கு முன்பே உலகில் உள்ளவன்; உஷையின் உறக்கத்தைச் சார்ந்ததன்று அவன் வாழ்வு. ஆதலால் அவனுக்கு என்ன கடன்பட்டுள்ளோம் என உஷை எண்ண வேண்டுவதில்லை. ஜோர்டனுக்கு முன்வாழ்வு இல்லை. அன்றியும் அங்கே வரைபவள் தோழி; இங்கே வரைபவள் கனவில் பிறந்தவளே. தூரிகை கை மாறிய இவ்விடமே கிளைக்கதையின் பெரும்பேறு.

மூன்றாம் புதினம் இவ்வுயரத்திலிருந்து இறங்குகிறது. ரோனனின் தோற்றமே மனித உலகிற்கு அப்பாற்பட்டது என ‘கிரேவாரன்’ கூறுகிறது. கனவு காண்பவனும் காணப்பட்டவரும் ஒரே இனம் என்பது கேட்க இனியதே. ஆனால் அவ்விணக்கத்தால் கடன் யாருக்கு யார் பட்டது என்னும் கணக்கு கலங்கிவிடுகிறது. ஆக்கியவனும் ஆக்கப்பட்டவனே எனில் மாத்யூ யாரிடம் முறையிடுவான்? ஜோர்டன் ஓவியத்தால் பெற்ற தன்னுரிமைக்கு ஈடான ஒன்றை இப்புதினம் அவனுக்கு அளித்ததாகத் தோன்றவில்லை. அவன் கேள்வியை முன்வைத்த பக்கங்கள் முதல் புதினத்திலேயே தங்கிவிட்டன.