ஜீப் வாய் திறந்தது

என் ஜீப் பாடுது சார்! இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் ஒரு மாசமா ராபர்ட்சன்பேட்டை முழுக்க ஆளைத் தேடிப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். டீக்கடையில் சொல்லியாச்சு, மார்க்கெட்டில் சொல்லியாச்சு. இப்ப உங்களிடம்.

வண்டி 1974 மாடல் மகிந்திரா சிஜே 3பி. தூக்கிய பானட் வைத்த பெட்ரோல் ஜீப். பழைய வில்லிஸ் ஜீப்பைவிட இதன் இன்ஜின் உயரம் அதிகம். அது அடங்கத்தான் பானட்டை உயர்த்தினார்கள். அழகில்லை என்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் பேசுவதில்லை. பேத்தமங்கலத்துப் பக்கம் ஒரு விவசாயியிடம் வாங்கி, டிங்கரிங்குக்காக டேஷ்போர்டைச் சுரண்டினேன். பெயின்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் ஒரு தகரத் துண்டு. அதைப் பெயர்த்தால், உள்ளே நீளச்சதுரமாக ஒரு ஓட்டை, இரண்டு பக்கமும் வட்டமாக ஒவ்வொரு துளை. பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எந்தக் காலத்திலோ இந்த வண்டியில் ரேடியோ இருந்திருக்கிறது! ரேடியோவுக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலமாகக்கூட இருக்கலாம். யாரோ கழற்றி விற்றுவிட்டு, ஜீப்பின் வாயைத் தைத்து வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போனால் எல்லோரிடமும் ஒரே பதில்: "கட் பண்ணிடலாம்ண்ணே." இப்போதைய கார் ஸ்டீரியோ உட்கார 182 மில்லிமீட்டர் அகலம், 53 உயரத்துக்கு ஒரே நீளச்சதுர ஓட்டை வேண்டும். என் வண்டியில் இருப்பது குமிழ் வைத்த ரேடியோவுக்கான இடம். இடது தண்டு சத்தத்துக்கு, வலது தண்டு ஸ்டேஷன் திருப்ப, நடுவே டயல் கண்ணாடி மட்டும் வெளியே மூக்கை நீட்டும். தண்டுகளில் நட்டு போட்டு முறுக்கினால் டேஷ்போர்டே ரேடியோவைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை எளிமையான ஏற்பாடு! அந்தத் தகரத்தில் ரம்பம் வைக்கச் சொன்னவரிடம், "உன் வாயை அகலப்படுத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அளவு எடுத்த கதையைக் கேளுங்கள். வீட்டில் கெட்டி அட்டை என்று கிடந்தது ஒரு கல்யாணப் பத்திரிகைதான். ஓட்டையில் அதை வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டினேன். தண்டுக்குத் தண்டு பதிமூன்று சென்டிமீட்டர். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறினேன். 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து எங்கள் ஊர் பாதி இந்த ரயிலில்தான் பெங்களூருக்குப் பிழைக்கப் போய் வருகிறது. நான் மட்டும் பிழைப்பை விட்டு ரேடியோ தேடப் போனேன். ஜே.சி. ரோடு, எஸ்.பி. ரோடு, சிவாஜிநகர் பழைய சாமான் கடைகள் என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை. அட்டையை நீட்டினால், "யார் வீட்டுக் கல்யாணம்?" என்பார்கள்.

ஐந்தாவது ஞாயிறு, சிவாஜிநகரில் ஒரு பாட்டரி குவியலுக்குப் பின்னால் அது கிடந்தது. குரோம் முகப்பு, தந்த நிறக் குமிழ் ஒன்று, மற்றொன்று இல்லை. அட்டையை வைத்தேன். தண்டு இரண்டும் துளைக்குள் வழுக்கிக்கொண்டு வந்தன. உலகம் ஒரு கணம் நின்றது என்றால் நம்புவீர்களா? பெரியவர் 2,200 ரூபாய் சொன்னார். பேரம் பேச நாக்கு எழவில்லை.

ஊரில் ஒரு ரேடியோக்காரர் இருக்கிறார். கடையை மூடி வருஷமாகிறது, கை மூடவில்லை. மூடியைத் திறந்ததும் ஒரு மோப்பம் பிடித்தார். "ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் தம்பி, தங்கம் மாதிரி. சூடு மட்டும் ஆகாது." காய்ந்துபோன கண்டன்சர்களை மாற்றினார், வால்யூம் கண்ட்ரோலைக் கழுவினார், டயல் பல்பு போட்டார். பாட்டரியில் கொடுக்குமுன் பாடி எர்த் மைனஸ்தானா என்று மூன்று தடவை கேட்டார். பழைய செட்டுகளில் பிளஸ் எர்த்தும் உண்டு. மாற்றிக் கொடுத்தால் அந்தத் தங்கம் அங்கேயே கரி.

மாட்டி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், ரேடியோவில் வடை சுடும் சத்தம்! பிளக்கில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் மீடியம் வேவில் ஒரு கரகரப்பு. ரெசிஸ்டர் வைத்த பிளக்குகள், டைனமோவுக்கு ஒரு கண்டன்சர், பானட்டிலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் கம்பி என்று ஒவ்வொன்றாகப் போடப் போட வடை சத்தம் அடங்கி அப்பளமானது. கடைசியாக அவர் செய்ததுதான் வித்தை. ஏரியலை முழுக்க இழுத்துவிட்டு, டயலின் மேல்கோடியில் காதில் விழுந்தும் விழாத ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி, ஓரத்துத் துளைக்குள் சின்ன ஸ்குரூ டிரைவரை விட்டு முடியளவு திருப்பினார். கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்த ஊர் இது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தக் கரண்டு வந்தது சுரங்கத்துக்கு. சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கேட்டதெல்லாம் செல் போட்ட டிரான்சிஸ்டர்தான். அதையும் தலையில் இரண்டு தட்டு தட்டினால்தான் பேசும். என் ஜீப் ரேடியோவை யாரும் தட்ட வேண்டாம். இருட்டியதும் வண்டியைச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மலைப் பக்கம் விட்டேன். 612இல் பெங்களூரு கன்னடத்தில் தெளிவாக நின்றது. குமிழை ஒரு மயிரிழை திருப்பினால், 720இல் சென்னை! ராத்திரியில் மீடியம் வேவ் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும் என்று படித்திருக்கிறேன். பள்ளத்தில் ஜீப் குதிக்கக் குதிக்க, அந்த மஞ்சள் டயல் வெளிச்சத்தில் கேட்பது வேறு. ப்ளூடூத்காரர்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்கு இது கிடைக்காது.

இடது குமிழ் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு ஒரு டிபன் கேரியர் மூடியின் குமிழ் அங்கே இருக்கிறது, கச்சிதமாக.

"ஆட்டம் தாங்கல, இடுப்பு போச்சு" என்று இரண்டு வருஷமாக ஜீப்பில் ஏறாத அம்மா, இப்போது தினமும் ஆறரைச் செய்திக்கு முன்சீட்டில் ஏறிவிடுகிறார். நேற்றுதான் ஆசையாக வண்டியை எடுத்தேன், ஒரு ரவுண்டு கூட்டிப் போகலாமென்று. தெருமுனைகூடத் தாண்டவில்லை.

"இன்ஜின நிறுத்து நைனா, செய்தி கேக்கணும்."