இரட்டை இறக்கை மீது ஒரு பழி

முதல் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய, இரட்டை இறக்கை கொண்ட டிஎச்-4 விமானங்களைத்தான் அமெரிக்க அஞ்சல் துறை தபால் சுமக்கப் பயன்படுத்தியது. குண்டு வீசவும் வேவு பார்க்கவும் பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட விமானம் அது. போர்க்காலத்திலேயே 'எரியும் சவப்பெட்டி' என்ற பட்டப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பல தபால் விமானிகள் உயிரிழந்தார்கள். இதை வைத்து, இரட்டை இறக்கை அமைப்பே இந்த வேலைக்கு ஆகாதது என்று முடிவுகட்டலாமா?

குற்றச்சாட்டில் ஓர் உண்மை இருக்கிறது. இறக்கைகளைப் பிணைக்கும் கம்பிகளும் தாங்குகட்டைகளும் காற்றை எதிர்த்து நிற்பதால் எஞ்சின் சக்தி வீணாகும். ஆனால் மரமும் துணியுமே கைவசம் இருந்த காலத்தில், குறைந்த எடையில் உறுதி தந்தது இந்த அமைப்புதான். புல்தரையில் மெதுவாக இறங்கவும் அது உதவியது.

விபத்துகளின் காரணங்களைப் பார்த்தால் பழி வேறு பக்கம் திரும்புகிறது. டிஎச்-4இல் எஞ்சினுக்கும் பெட்ரோல் டாங்கிக்கும் நடுவே விமானி அமர்ந்திருந்தார், மோதினால் நசுங்குவார். டிஎச்-4பி ரகத்தில் இருக்கை டாங்கிக்குப் பின்னால் போனது. இரட்டை இறக்கை அப்படியே இருந்தது. அடுத்த எதிரி இருட்டு. 1921 பிப்ரவரியில் தபால் விமானி ஜாக் நைட் நார்த் பிளாட்டிலிருந்து சிகாகோ வரை இரவில் பறந்தபோது, தரையில் மூட்டிய நெருப்புகள்தான் வழிகாட்டின. வழியெங்கும் ஒளிவிளக்குகள் வந்ததும், 1924 ஜூலையில் அதே டிஎச்-4களைக் கொண்டே முறையான இரவுச் சேவை தொடங்கியது.

இன்னும் வலுவான சாட்சி போயிங். 1925இல் அது செய்த மாடல் 40 இரட்டை இறக்கை விமானத்தில், நீரால் குளிர்விக்கப்படும் கனமான லிபர்ட்டி எஞ்சின் இருந்தது. அஞ்சல் துறை ஒன்றே ஒன்றை வாங்கியது. 1927இல் வந்த 40ஏயும் இரட்டை இறக்கைதான். ஆனால் காற்றால் குளிரும் வாஸ்ப் எஞ்சினுக்கு ரேடியேட்டரும் நீரும் வேண்டாம். மிச்சமான எடை தபாலுக்கும் இரு பயணிகளுக்கும் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ–சிகாகோ தடத்தில் அது லாபத்தோடு பறந்தது. உடற்பகுதியும் மாறியிருந்ததால் முழுப் பெருமையையும் எஞ்சினுக்கே தர முடியாது. ஆனாலும் இறக்கையின் எண்ணிக்கை தடையாக இருக்கவில்லை என்பது தெளிவு.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. 1930இல் போயிங்கே உலோகத்தாலான ஒற்றை இறக்கை மோனோமெயிலைப் பறக்கவிட்டது. உலோகம் கைக்கு வந்தபின் கம்பிகளைச் சுமப்பதற்கு நியாயம் இல்லை. ஆக, இரட்டை இறக்கை 1920களுக்குப் பொருத்தமான தேர்வே. போர்விமானத்தைத் தபால் வேலைக்கு இழுத்ததும், விளக்கில்லாத வழியில் ஆட்களை அனுப்பியதும்தான் பிழை.