ஆறு ராத்தல்

ஒரு மோசமான நாவலைத் தூக்கிப்பிடித்து எழுதினால் யாருக்கும் விரல் போய்விடாது. அடுத்த புத்தகக் கண்காட்சிக்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் விமர்சகரை நம்பிப் பொருளை வாங்கியவரின் இடது கை நிஜமாகவே ஆபத்தில் இருக்கிற ஒரு விமர்சன மரபு உண்டு. பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைப் பற்றிய எழுத்தைச் சொல்கிறேன். நான் ஒரு பறவையையும் சுட்டதில்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் அந்த ஆசையும் எனக்குக் கிடையாது. ஆனாலும் இந்த எழுத்தை விடாமல் படிக்கிறேன். ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வதற்கு இவ்வளவு துல்லியமான மொழி நம் கவிதை விமர்சனத்தில்கூட இல்லையே என்ற பொறாமைதான் காரணம்.

இந்த எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் புதரும் பழைய ஆப்பிள் தோட்டமுமாகக் கிடக்கும் நிலத்தில் ஒருவர் நாயோடு நாள் முழுக்க நடக்கிறார். தேடுவது கிரவுஸ், உட்காக் என்ற பறவைகளை. நாளுக்கு நாலைந்து முறை சுட வாய்த்தால் பெரிது. வாய்க்கிற தருணமும் ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு. ஆக, நாளெல்லாம் சுமக்க வேண்டும், கண்ணிமைப்பதற்குள் தோளுக்கு ஏற்ற வேண்டும். இதற்கு எந்தத் துப்பாக்கி? 'ஆறு ராத்தலுக்குள் ஒரு பழைய இங்கிலீஷ் துப்பாக்கி' என்பது கிட்டத்தட்ட மந்திரம் மாதிரி வரும் பதில். ராத்தல் என்பது பவுண்டுக்கு நம்மூர்ப் பழைய பெயர். ஆறு ராத்தல் என்றால் 2.7 கிலோ. பார்க்கர், எல்.சி. ஸ்மித் போன்ற பழைய அமெரிக்கத் துப்பாக்கிகள் 12 போரில் பெரும்பாலும் ஏழு ராத்தலைத் தாண்டிவிடும் என்பதால் இந்த மோகம் புரிந்துகொள்ளக்கூடியதே.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆங்கிலேயத் துப்பாக்கி இப்படி நடப்பவருக்காகச் செய்யப்பட்டதல்ல. நிற்பவருக்காகச் செய்யப்பட்டது. கூலியாட்கள் வயலைத் தட்டிப் பறவைகளை விரட்டுவார்கள். பிரபு ஓரிடத்தில் நின்று, தலைக்கு மேல் பறப்பதைச் சுடுவார். பக்கத்தில் ஓர் ஆள் தோட்டா போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். சென்னையின் ரிப்பன் மாளிகை எந்த வைஸ்ராயின் பெயரில் நிற்கிறதோ அவருடைய மகன், இரண்டாம் ரிப்பன் பிரபு, இந்த விளையாட்டின் உச்சம். வாழ்நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைச் சுட்டு, 1923-இல் வேட்டை மைதானத்திலேயே விழுந்து இறந்தார். பஞ்சாபின் அரியணையை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த துலீப் சிங், 1876-இல் ஒரே நாளில் 700-க்கும் மேற்பட்ட கௌதாரிகளைச் சுட்டார். ராஜ்யம் பறிபோன ராஜாவுக்கு அந்தக் கைகள் வேறு என்னதான் செய்திருக்கும் என்று தோன்றும். அது தனிக்கதை.

நிற்பவரின் துப்பாக்கி ஏன் இலேசானது? அதன் தோட்டா சிறியது என்பதால். இதைத்தான் பல அமெரிக்க எழுத்தாளர்கள் வேகமாகக் கடந்துபோகிறார்கள். இரண்டரை அங்குல அறையில் ஒன்றேகால் அவுன்ஸ் ரவையைத் திணிக்காமல், ஒன்றும் பதினாறில் ஒரு பங்கும் போதும் என்று ஆங்கிலேயர் நிறுத்திக்கொண்டார்கள். பர்மிங்காமின் டபிள்யூ.டபிள்யூ. கிரீனர் பெயரில் ஒரு கணக்கு வழங்குகிறது. துப்பாக்கியின் எடை, ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். ஆறு ராத்தல் என்றால் 96 அவுன்ஸ், ஆகவே ரவை ஓர் அவுன்ஸ்தான். அதற்கு மேல் போட்டால் தோள் சொல்லும். இலேசான துப்பாக்கி வேண்டும், தோட்டா மட்டும் கனமாக வேண்டும் என்று கேட்பவர், ஹைக்கூ வேண்டும், ஆனால் நாற்பது வரி இருக்கட்டும் என்று கேட்பவர். வடிவத்தின் இலேசு, சொல்லாமல் விட்டதிலிருந்து வருவது. இரண்டு அங்குலத் தோட்டாவுக்காகவே செய்த 12 போர்கள் இதன் தருக்கபூர்வமான எல்லை. முக்கால் அவுன்ஸுக்குச் சற்று மேலே ரவை, ஐந்தரை ராத்தல் அளவில் எடை. எனக்குப் பிடித்த வகை இதுதான். அதற்கான தோட்டாவைத் தேடி அலைய வேண்டும் என்பது வேறு விஷயம்.

இனி ராபர்ட் சர்ச்சில். லண்டனில் கடை வைத்திருந்தவர், கொலை வழக்குகளில் துப்பாக்கி நிபுணராகச் சாட்சி சொன்னவர். 28, 30 அங்குலக் குழல்கள் வழக்கமாக இருந்த காலத்தில் 25 அங்குலக் குழலோடு வந்தார். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையைக் குறுகலாக, உயர்த்தி, நுனி நோக்கிச் சரியவிட்டார். கண்ணுக்குக் குழல் நீளமாகத் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரத்தனம்தான். வேகமான துப்பாக்கி, புதருக்கு ஏற்றது என்று இன்றும் புகழ்கிறார்கள். ஆனால் சர்ச்சிலின் எழுத்தில் எப்போதும் ஒரு கடைக்காரர் பேசுவது கேட்கிறது. தன் துப்பாக்கிக்கு ஏற்ற சுடும் முறையை வகுத்து, அந்த முறைக்குத் தன் துப்பாக்கியே சிறந்தது என்று நிரூபிக்கிறார். நம்மூரில் சில கவிஞர்கள் தங்கள் கவிதைக்கென்று கோட்பாடு எழுதுவதைப்போல.

அவருக்கு நேர் எதிரே நான் வைப்பது கஃப் தாமஸ் என்ற பெயரில் எழுதிய பொறியாளர் ஜி.டி. கார்வுட். எடை என்ற ஒற்றை எண்ணை அவர் நம்பவில்லை. அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். காவடி தூக்கியவர்களுக்கு இது உடனே விளங்கும். இருபது கிலோவை நடுமுதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு திரும்புவது எளிது. அதே இருபது கிலோ காவடியின் இரண்டு முனைகளில் தொங்கினால், திரும்பத் தொடங்குவதும் கஷ்டம், தொடங்கிவிட்டால் நிற்பதும் கஷ்டம். துப்பாக்கியும் அப்படியே. எடை இரண்டு கைகளுக்கும் நடுவே திரண்டிருந்தால் ஆறரை ராத்தல்கூட இறகு மாதிரி எழும். ஆனால் அதிலும் ஒரு விலை இருக்கிறது. சட்டென்று அசைவது சட்டென்று நின்றும்விடும். பறவை போய்க்கொண்டிருக்க, குழல் நின்றுவிட்டால் ரவை வாலுக்குப் பின்னால் போகும். 'எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது' என்று எழுதுபவர்கள் கார்வுட்டைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் விற்க ஏதோ வைத்திருக்கிறார்கள்.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். நூறு வருடத் துப்பாக்கி இலேசாக இருந்தால் முதலில் சந்தோஷப்படக்கூடாது, சந்தேகப்பட வேண்டும். பழைய தோட்டாக்களின் கரியும் துருவும் குழலின் உட்சுவரில் குழி பறிக்கும். குழியை மறைக்கக் குழலை உள்ளே கடைந்து பளபளப்பாக்குவார்கள். ஒவ்வொரு முறை கடையும்போதும் இரும்பு போகிறது, எடை குறைகிறது. 12 போரின் நியம உள்விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் 729 பங்கு. குழல் விரிந்திருக்கிறதா என்று சோதனைச்சாலையின் முத்திரையோடு ஒப்பிட்டு அறியலாம். ஆனால் சுவர் எவ்வளவு தடிமன் மிச்சமிருக்கிறது என்பதைப் பற்றி பிரிட்டிஷ் சோதனை விதிகள் எதுவும் பேசுவதில்லை. ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், இருந்தாக வேண்டும் என்பது தொழிலில் இருப்பவர்களின் வாய்மொழி விதி. இடது கை பிடித்திருப்பது அந்த அரை மில்லிமீட்டரை. இதோடு, இரண்டரை அங்குல அறையில் இரண்டே முக்கால் அங்குல அமெரிக்கத் தோட்டாவையும் போட்டுச் சுடுகிறார்கள். பக்கம் பக்கமாக வேலைப்பாட்டின் அழகை எழுதிவிட்டு, சுவரை அளக்கச் சொல்லும் ஒரு வரியை எழுதாதவரை நான் விமர்சகராக ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் ரசிகர்.

அளக்கக் கருவி வேண்டும். தட்டிப் பார்க்க விரல்முட்டி போதும். குழல்களைத் தனியே கழற்றி, கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, சந்தையில் பானையைத் தட்டுகிற மாதிரித் தட்ட வேண்டும். மணி மாதிரி ஒலித்தால் நடுப்பட்டையின் பற்றவைப்பு உறுதி. பிசிறடித்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஓர் உரைநடைப் பத்தியை வாய்விட்டுப் படிக்கும்போது நாம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

இன்னொரு தகராறு, பெயர். துப்பாக்கியின் மேல் லண்டன் கடையின் பெயர் பொறித்திருக்கும், விலை அந்தப் பெயருக்கு. ஆனால் பாக்ஸ்லாக் என்ற எளிய இயங்குமுறை 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இருவர் கண்டது, அதுவும் பர்மிங்காமில். பல கடைகளின் பெயரில் விற்ற பாக்ஸ்லாக்குகளை உண்மையில் வெப்லி அண்ட் ஸ்காட் பர்மிங்காமில் செய்து அனுப்பியது. குழலை அரத்தால் ராவி மெலிதாக்கியவர் ஒருவர், கட்டையைச் செதுக்கியவர் இன்னொருவர். வேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். யாருடைய பெயரும் மேலே இல்லை. நம் எழுத்தாளர்கள் உருகி உருகி எழுதும் அந்தச் சமநிலை, ஓர் அரம் எந்த இடத்தில் நின்றது என்பதுதான். பிரபுவின் ரசனைக்கு அதில் பங்கு குறைவு. அந்தத் தொழிலாளர்கள் வாழ்ந்த பர்மிங்காம் துப்பாக்கித் தெருக்களில் பெரும்பகுதியை 1960-களில் சுற்றுச்சாலைக்காக இடித்துப் போட்டார்கள். இதைப் பற்றி ஓர் இரங்கல் பத்தியாவது கிடைக்கும் என்று தேடினேன். கிடைத்ததெல்லாம் ரிப்பன் பிரபுவின் கடைசிக் காலையைப் பற்றித்தான்.

என்னிடம் யாராவது கேட்டால் (யாரும் கேட்கப்போவதில்லை) பெயர் தெரியாத மாகாணக் கடை ஒன்றின் பாக்ஸ்லாக்கைச் சொல்வேன். ஆறேகால் ராத்தல், 28 அங்குலக் குழல், கடையப்படாத தடித்த சுவர். வேலைப்பாடு இல்லாவிட்டால் இன்னும் நல்லது. ஈயத்தை மறந்துவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈய ரவையே கூடாது. மாற்றாக வரும் எஃகு ரவை இந்த மெல்லிய குழல்களைக் கெடுத்துவிடும். பிஸ்மத் ஒத்துப்போகும், விலைதான் கண்ணைக் கட்டும். ஒரு தோட்டாவுக்கு அவ்வளவு கொடுப்பவர் கண்டதையெல்லாம் சுட மாட்டார். கிரவுஸ் எழும்பும், அவர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, யோசித்து, இறக்கிவிடவும்கூடும்.